சிபிலிஸ்: ஆறிய புண், ஆறாத நோய்

சிபிலிஸ் பாக்டீரியாவால் வரும் பால்வினை நோய். அதை உண்டாக்கும் திரெபோனிமா பேலிடம் என்ற நுண்ணுயிரி திருகுசுருள் வடிவம் கொண்டது. அதன் நீளம் 6 முதல் 15 மைக்ரோமீட்டர் வரை இருந்தாலும் தடிமன் 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டாது. சாதாரண நுண்ணோக்கியின் வெளிச்சத்தில் அது கண்ணில் படுவதில்லை. 1495இல் நேப்பிள்ஸ் நகரில் படையெடுத்து வந்த பிரெஞ்சுப் படைவீரர்களிடையே வெடித்து ஐரோப்பா முழுவதும் பரவிய இந்நோயின் கிருமி 1905 வரை பிடிபடாமல் இருந்ததற்கு இந்த மெலிவும் ஒரு காரணம். அந்த ஆண்டில் பெர்லினில் ஃபிரிட்ஸ் ஷௌடின், எரிக் ஹாஃப்மன் என்ற இருவர் அதை முதன்முதலில் கண்டார்கள். தமிழ் வைத்தியத்தில் மேகப்புண், கிரந்தி என்றெல்லாம் வழங்கிய நோய்களின் கூட்டத்தில் சிபிலிஸும் அடங்கியிருந்தது.

1943இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு மருத்துவமனையில் ஜான் மஹோனி நான்கு நோயாளிகளுக்குப் பென்சிலின் கொடுத்து இந்நோயைக் குணப்படுத்தினார். அதற்குப் பின் 80 ஆண்டுகள் கடந்துவிட்டன. எத்தனையோ கிருமிகள் பென்சிலினை வெல்லக் கற்றுக்கொண்டுவிட்ட நிலையில், சிபிலிஸ் கிருமி இன்றும் அதற்குப் பணிகிறது. இருந்தும் 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 80 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகத் தொற்றியது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கைக்கெட்டும் மருந்து இருந்தும் நோய் ஒழியவில்லை. அதன் அறிகுறிகள் மருந்தில்லாமலே மறைந்துவிடுவதும், மறைந்ததைக் குணமானதாக மனிதர்கள் நம்பிவிடுவதும்தான் இதற்குப் பெரிய காரணம்.

நோயாளியின் உடலில் உள்ள ஈரமான புண்ணோ மருவோ இன்னொருவரின் மெல்லிய தோலிலும் சவ்விலும் படும்போது நோய் தொற்றுகிறது. பெண்குறி, ஆசனவாய், வாய் என எந்த வழியில் உடலுறவு கொண்டாலும் தொற்றக்கூடும். வாய்வழி உறவில் ஆபத்தில்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. உதட்டிலோ நாக்கிலோ புண் இருந்தால் முத்தத்தின் மூலமும் தொற்றலாம். கர்ப்பிணியிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் கருவிலிருக்கும் குழந்தைக்குச் செல்வது மற்றொரு வழி. அதேசமயம், இந்தக் கிருமி உடலுக்கு வெளியே வாழத் தெரியாதது. காய்ந்தாலும் சூடு பட்டாலும் சோப்பு பட்டாலும் உடனே செத்துவிடும். கழிப்பறை இருக்கை, துண்டு, தட்டு, டம்ளர், நீச்சல் குளம் இவற்றால் சிபிலிஸ் வருவதில்லை. நோயாளியைத் தனித்தட்டில் சாப்பிட வைக்கும் வீடுகள் அவருக்குத் தேவையற்ற துன்பத்தைத்தான் தருகின்றன.

கிருமி புகுந்த 10 முதல் 90 நாட்களுக்குள், பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில், அது நுழைந்த இடத்திலேயே முதல் புண் தோன்றும். வழக்கமாக ஒரே புண்தான். வட்டமாக, ஓரம் தடித்து, தொட்டால் குருத்தெலும்பைப் போல உறுதியாக இருக்கும். சீழ் இருக்காது. வலியும் இருக்காது. தொடை இடுக்கில் நெறி கட்டும், அதுவும் வலிக்காது. ஆண்குறியில் வந்தால் பார்த்துவிடலாம். கருப்பை வாயிலோ ஆசனவாய்க்குள்ளோ தொண்டையிலோ வந்தால் உரியவருக்கே தெரியாமல் போகும். பெண்களுக்கு இந்தக் கட்டத்தில் நோய் கண்டுபிடிக்கப்படுவது அரிதாக இருப்பதற்குக் காரணம் இதுதான். பிறப்புறுப்பில் வலியுடன் பல சிறு கொப்புளங்கள் வந்தால் அது பெரும்பாலும் அக்கி வைரஸின் வேலை. ஆனால் வலியை மட்டும் வைத்துத் தீர்மானிப்பது சரியல்ல. வேறு கிருமியும் சேர்ந்துகொண்டால் சிபிலிஸ் புண்ணும் வலிக்கும். ஆகவே பிறப்புறுப்பில் வரும் எந்தப் புண்ணுக்கும் ரத்தப் பரிசோதனை தேவை. அந்தப் புண் இருக்கும் காலத்தில் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பும் பல மடங்கு கூடுவதால் இரண்டு சோதனைகளையும் சேர்த்தே செய்துகொள்ள வேண்டும்.

மூன்று முதல் ஆறு வாரங்களில் புண் தானாக ஆறும். மருந்துக்கடையில் வாங்கிப் பூசிய களிம்போ யாரோ கொடுத்த லேகியமோ ஆற்றியது என்று நோயாளி நினைத்துக்கொள்வார். கிருமி அதற்குள் ரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவியிருக்கும். சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் கழித்து இரண்டாம் கட்டம் தொடங்கும். உடம்பில் செந்நிறத் தடிப்புகள் கிளம்பும். கருத்த தோலில் அவை கரும்பழுப்பாகவோ செப்பு நிறமாகவோ தெரியும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வருவது இந்நோயின் முக்கியமான அடையாளம். அந்த இடங்களில் வரும் தோல் நோய்கள் குறைவு என்பதால், அரிப்பில்லாத தடிப்பு அங்கே தென்பட்டால் மருத்துவர் முதலில் சிபிலிஸை நினைக்க வேண்டும். இதனுடன் காய்ச்சல், தொண்டை வலி, உடல் சோர்வு, பல இடங்களில் நெறி கட்டுதல், தலைமுடி திட்டுத்திட்டாகக் கொட்டுதல், வாய்க்குள் வெண்சாம்பல் படலம், ஆசனவாய் ஓரங்களில் ஈரமான தட்டை மருக்கள் ஆகியவையும் வரலாம். எல்லாமே வேறு நோய் என்று எண்ண இடம் தருபவை. வைரஸ் காய்ச்சல், மருந்து ஒவ்வாமை, படர்தாமரை, தொழுநோய் என்று பெயர் மாறி மாறி வைத்தியம் நடக்கும். நோய் மிக எளிதாகப் பிறருக்குப் பரவுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

பிறகு இந்தத் தடிப்புகளும் மறையும். வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல், ரத்தப் பரிசோதனையில் மட்டும் தெரியும் மறைநிலை தொடங்கும். முதல் ஓரிரு ஆண்டுகளில் தடிப்புகள் திரும்பவும் தலைகாட்டலாம். அதன்பின் அடுத்தவருக்கு உடலுறவு மூலம் தொற்றுவது அநேகமாக நின்றுவிடும். ஆனால் நோயாளியின் உள்ளுறுப்புகளில் சேதம் தொடரக்கூடும்.

சிகிச்சையில்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை மருத்துவ உலகம் இரண்டு வழிகளில் தெரிந்துகொண்டது. நார்வேயின் ஓஸ்லோ நகரில் சீசர் போக் என்ற மருத்துவர், அக்காலத்து பாதரச மருந்து நன்மையைவிடக் கெடுதலே செய்கிறது என்று கருதி 1891 முதல் 1910 வரை சுமார் 2,000 நோயாளிகளுக்கு அதைக் கொடுக்காமல் மருத்துவமனையில் வைத்துப் பராமரித்தார். அவர்களைப் பல பத்தாண்டுகளுக்குப் பின் தேடிப் பார்த்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நோயின் பிற்காலக் கேடுகள் வந்திருந்தன. தோலிலும் எலும்பிலும் கட்டிகள் வந்து அரித்திருந்தன. சுமார் பத்தில் ஒருவருக்கு இதயமும் பெருந்தமனியும் பழுதாகியிருந்தன. வேறு சிலருக்கு மூளையும் தண்டுவடமும் கெட்டு, புத்தி தடுமாற்றமும் நடைத் தள்ளாட்டமும் வந்திருந்தன. போக் நல்ல மருந்து இல்லாத காலத்தில், நோயாளியின் நன்மையை எண்ணி அப்படிச் செய்தார். இரண்டாவது வழி மன்னிக்க முடியாதது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகீ என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை அந்நாட்டு அரசின் பொதுச் சுகாதாரத் துறை, சிபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஏழை விவசாயிகளுக்கு உண்மையைச் சொல்லாமல், பென்சிலின் வந்த பிறகும் அதைத் தராமல், நோயின் போக்கை வேடிக்கை பார்த்தது. இன்று ஆய்வுக்கு உட்படுவோரின் ஒப்புதலைக் கட்டாயமாக்கும் விதிகள் வலுப்பெற்றதற்கு அந்த மனிதர்கள் பட்ட பாடும் ஒரு காரணம்.

பிற்காலக் கேடுகள் வர 10 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம். ஆனால் மூளை, கண், காது ஆகியவற்றைக் கிருமி எந்தக் கட்டத்திலும் தாக்கக்கூடும். உடம்பில் தடிப்பு இருக்கும் ஒருவருக்குத் திடீரெனப் பார்வை மங்கினாலோ காது மந்தமானாலோ விடாத தலைவலி வந்தாலோ அது அவசர நிலை. நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் இழந்த பார்வை திரும்பாமல் போகலாம்.

உடலின் காவல் அணுக்கள் இவ்வளவு காலம் இந்தக் கிருமியை ஏன் விட்டுவைக்கின்றன? பொதுவாக பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் ஏராளமான புரதங்கள் துருத்திக்கொண்டிருக்கும். அவற்றைக் கண்டுதான் உடல் எதிரியை அடையாளம் காண்கிறது. திரெபோனிமாவின் வெளிச்சவ்வில் அத்தகைய புரதங்கள் மிகக் குறைவு. இருப்பவற்றில் ஒன்றையும் அது அடிக்கடி உருமாற்றிக்கொள்கிறது. பெருகுவதும் மெதுவாகத்தான். குடலில் வாழும் ஈ.கோலை 20 நிமிடத்தில் இரண்டாகிறது. சிபிலிஸ் கிருமிக்கு 30 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. 1998இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. சுமார் 11 லட்சத்து 40 ஆயிரம் எழுத்துகள் கொண்ட அந்தச் சிறு தொகுதியில், தனக்கு வேண்டிய சத்துப்பொருட்களைத் தானே தயாரிக்கும் திறன் பெரும்பாலும் இல்லை. எல்லாவற்றையும் மனித உடலிடமிருந்தே பெற்றுக்கொள்கிறது. அதனால் ஆய்வகத் தட்டில் அதை வளர்க்க முடியாது. விலங்கு உயிரணுக்களின் துணையோடு நீண்ட நாள் வளர்ப்பதே 2018இல்தான் கைகூடியது.

வளர்த்துப் பார்த்து உறுதிசெய்ய முடியாத கிருமி என்பதால் சிபிலிஸைக் கண்டறியும் பொறுப்பு ரத்தப் பரிசோதனையிடம் வந்து சேர்ந்தது. புண் ஈரமாக இருக்கும்போது அதன் கசிவை எடுத்து இருள்புல நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமி திருகித் திருகி நகர்வதைக் காணலாம். ஆனால் அதற்குப் பழகிய கண்ணும் உரிய கருவியும் உடனடியாகப் பார்க்கும் வசதியும் வேண்டும். பெரும்பாலான இடங்களில் இவை இல்லை.

ரத்தப் பரிசோதனைகள் இரண்டு வகை. முதல் வகையின் பிறப்பு ஒரு தவறான ஊகத்திலிருந்து வந்தது. 1906இல் ஆகஸ்ட் வாஸர்மன், சிபிலிஸால் இறந்து பிறந்த சிசுவின் ஈரலைச் சாறெடுத்து, அதில் நிறைந்திருக்கும் கிருமிகளோடு நோயாளியின் ரத்த நீர் வினைபுரிகிறது என்று நினைத்தார். சோதனை வேலை செய்தது. காரணம் மட்டும் வேறாக இருந்தது. நோயில்லாத மாட்டின் இதயத்தைச் சாறெடுத்தாலும் அதே வினை நடந்தது! 1941இல் மேரி பாங்பார்ன் அந்தச் சாற்றிலிருந்து கார்டியோலிபின் என்ற கொழுப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். சிபிலிஸ் வந்த உடல் அந்தக் கொழுப்புக்கு எதிராகவும் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது என்பது தெளிவாயிற்று. இன்று நம் ஊர் ஆய்வகங்களில் செய்யப்படும் விடிஆர்எல், ஆர்பிஆர் இரண்டும் இந்தக் கார்டியோலிபினை வைத்து நடப்பவையே. மலிவானவை, விரைவில் முடிபவை. ஆனால் கிருமியை நேரடியாகக் குறிவைக்காதவை. இரண்டாவது வகையான டிபிஹெச்ஏ முதலியவை, கிருமிக்கே எதிராக உருவான எதிர்ப்பொருளைத் தேடுகின்றன.

இந்த வேறுபாடு தெரியாததால் பல குடும்பங்களில் வீண் கலக்கம் நேர்கிறது. கர்ப்பிணிக்கோ வெளிநாட்டு வேலைக்குப் போகிறவருக்கோ எடுத்த விடிஆர்எல் சோதனையில் ‘ரியாக்டிவ்’ என்று வந்தவுடன் நடத்தையைச் சந்தேகிப்பது பெரும் அநியாயம். மலேரியா, தொழுநோய், சில வைரஸ் காய்ச்சல்கள், லூபஸ் போன்ற தன்னுடல் தாக்கு நோய்கள், முதுமை, சில வேளை கர்ப்பம்கூட அந்தச் சோதனையைப் பொய்யாகத் தூண்டக்கூடும். அப்போது டிபிஹெச்ஏ எதிர்மறையாக வரும். நோய் இல்லை என்று பொருள். இரண்டும் நேர்மறையாக வந்தால் இப்போது நோய் இருக்கிறது, அல்லது அண்மையில் இருந்திருக்கிறது. டிபிஹெச்ஏ மட்டும் நேர்மறையாகி விடிஆர்எல் எதிர்மறையானால் மூன்று சாத்தியங்கள் உண்டு: முன்பே வந்து குணமான நோய், மிக அண்மையில் தொற்றிய நோய், நெடுங்காலம் உள்ளே தங்கிவிட்ட நோய். எது என்பதை நோயாளியின் பழைய சிகிச்சை விவரத்தைக் கேட்டும் உடலைப் பார்த்தும்தான் மருத்துவர் முடிவுசெய்ய முடியும். டிபிஹெச்ஏ ஒரு முறை நேர்மறையானால், நோய் முற்றிலும் குணமான பிறகும் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் அப்படியே இருக்கும். ஆகவே குணமானதா என்று பார்க்க அது உதவாது.

அதற்கு விடிஆர்எல் சோதனையின் எண் வேண்டும். ரத்த நீரைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், கடைசியாக எந்த அளவில் வினை தெரிகிறதோ அதை 1:8, 1:32 என்று குறிப்பார்கள். ஆய்வகத்தில் இதை டைட்டர் என்பார்கள். 1:32 என்பது 1:8 ஆக இறங்கினால், அதாவது நான்கு மடங்கு குறைந்தால், மருந்து வேலை செய்திருக்கிறது. 1:8 என்பது 1:4 ஆனால் அதற்குப் பொருள் இல்லை; ஒரு படி ஏற்ற இறக்கம் சோதனையின் இயல்பு. குறைந்த எண் மீண்டும் நான்கு மடங்கு ஏறினால், மருந்து போதவில்லை அல்லது நோய் புதிதாகத் தொற்றியிருக்கிறது. ஒப்பிட வேண்டுமானால் ஒரே சோதனையை, முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் செய்ய வேண்டும். விடிஆர்எல் எண்ணை ஆர்பிஆர் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

எதிர்மறை முடிவும் எல்லா நேரமும் நம்பத்தக்கதல்ல. புண் தோன்றிய முதல் நாட்களில் எதிர்ப்பொருள் இன்னும் உருவாகியிருக்காது. அது தென்பட ஒன்று முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். எனவே சந்தேகம் வலுவாக இருந்தால் சில வாரங்கள் கழித்துச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். இன்னொரு விசித்திரமும் உண்டு. இரண்டாம் கட்டத்தில் எதிர்ப்பொருள் அளவுக்கு மீறிப் பெருகும்போது, நீர்க்காத ரத்தத்தில் வினை கண்ணுக்குத் தெரியாமல் போய், எதிர்மறை என்று வந்துவிடும். உள்ளங்கையில் தடிப்போடு வந்தவருக்கு விடிஆர்எல் எதிர்மறை என்றால் நீர்த்துப் பார்க்கச் சொல்லி மருத்துவர் ஆய்வகத்தைக் கேட்க வேண்டும்.

விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்து 15 முதல் 20 நிமிடத்தில் முடிவு சொல்லும் துரிதச் சோதனை அட்டைகளும் இப்போது உள்ளன. எச்.ஐ.வி.யையும் சிபிலிஸையும் ஒரே அட்டையில் பார்க்க முடிகிறது. ஆய்வகம் இல்லாத ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு இவை பெரும் வரம். இவற்றில் பெரும்பாலானவை டிபிஹெச்ஏ வகையைச் சேர்ந்தவை என்பதால், பழைய நோயையும் புதிய நோயையும் பிரித்துச் சொல்லாது. மூளையைத் தாக்கியிருக்கலாம் என்ற ஐயம் வந்தால் முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதிப்பார்கள்.

சிகிச்சைக்கு பென்சதைன் பென்சிலின் என்ற ஊசி மருந்து. நோய் தொடக்க நிலையில் இருந்தால் 24 லட்சம் யூனிட் ஒரே முறை. நாட்பட்ட நோய்க்கு அதே அளவு வாரம் ஒரு முறையாக மூன்று வாரம். கிருமி மெதுவாகப் பெருகுவதால், அது பிளவுபடும் நேரம் பார்த்துக் கொல்ல மருந்து ரத்தத்தில் பல நாட்கள் குறையாமல் இருக்க வேண்டும். தசையிலிருந்து மெல்ல மெல்லக் கரையும் இந்த ஊசி அதைச் செய்கிறது. இரண்டு மூன்று நாள் ஏதோ மாத்திரை விழுங்குவதால் ஏன் குணமாகாது என்பதற்கும் இதுவே காரணம். ஊசி போட்ட அன்று சிலருக்குக் குளிர்காய்ச்சலும் உடல்வலியும் வரும். கிருமிகள் கூட்டமாகச் சாவதால் வரும் இந்தக் காய்ச்சல் ஒரு நாளில் அடங்கும். பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் உண்டு. கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது. அவர்களுக்கு ஒவ்வாமை இருந்தால், மருத்துவமனையில் வைத்துச் சிறுகச் சிறுகப் பழக்கி பென்சிலினே கொடுப்பார்கள். சிகிச்சைக்குப் பின் ஆறாவது மாதத்திலும் பன்னிரண்டாவது மாதத்திலும் டைட்டர் பார்ப்பது அவசியம்.

ஒரு முறை வந்து குணமானால் மறுபடி வராது என்பதற்கில்லை; இந்நோய்க்குத் தடுப்பூசியும் கிடையாது. ஆணுறை ஆபத்தைப் பெருமளவு குறைக்கும். அது மறைக்காத இடத்தில், விதைப்பையிலோ தொடையிலோ வாயிலோ புண் இருந்தால் பாதுகாப்பு முழுமையாகாது. உடலுறவுத் துணை ஒருவருக்கு மேற்பட்டிருப்பவர்கள் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதித்துக்கொள்வது நல்லது. ஆபத்து அதிகமுள்ள ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களும் திருநங்கையரும் உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் எடுத்துக்கொண்டால் சிபிலிஸ் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைவதை பிரான்சிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இதை மருத்துவரின் ஆலோசனையோடுதான் செய்ய வேண்டும். ரத்த வங்கிகளைப் பொறுத்தவரை கவலை குறைவு. இந்தியாவில் தானமாகப் பெறும் ஒவ்வொரு ரத்தப் பையிலும் சிபிலிஸ் சோதனை கட்டாயம். குளிர்பதனத்தில் சில நாள் இருந்தாலே கிருமி செத்தும் போகும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, துணைக்கும் சேர்த்துச் சிகிச்சை தருவது. கணவனுக்கு மட்டும் ஊசி போட்டு மனைவியை விட்டுவிட்டால் அவரிடமிருந்தே நோய் திரும்பக்கூடும். புண்ணோ தடிப்போ உள்ளவரோடு கடந்த 90 நாட்களில் உறவு கொண்டவருக்கு, சோதனை எதிர்மறையாக இருந்தாலும் ஊசி போட்டுவிடுவதே முறை. இருவரும் சிகிச்சை முடித்து, புண்கள் முற்றிலும் ஆறும்வரை உறவைத் தவிர்க்க வேண்டும்.

இந்நோயின் மிகப் பெரிய கொடுமை கருவில் நேர்வது. சிகிச்சை பெறாத கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கருச்சிதைவு, இறந்து பிறத்தல், குறைப்பிரசவம், நோயோடு பிறத்தல் என ஏதோ ஒன்று நேர்கிறது. 2022இல் உலகில் சுமார் 7 லட்சம் கருக்கள் இப்படிப் பாதிக்கப்பட்டன. நோயோடு பிறக்கும் குழந்தைகள் பலர் முதலில் நலமாகவே தெரிவார்கள். பிறகு மூக்கிலிருந்து ஓயாமல் நீர் வடியும், தோல் உரியும், ஈரலும் மண்ணீரலும் வீங்கும். வளர்ந்தபின் செவிட்டுத்தன்மையும் பார்வைக் குறையும் வரலாம். பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் தாய்க்குப் பென்சிலின் போட்டுவிட்டால் இவற்றில் அநேகமாக எதுவும் நேராது.

இதைச் செய்து காட்டிய நாடுகள் இருக்கின்றன. 2015இல் கியூபா முதலாவதாக, தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்ற சான்றை உலக சுகாதார நிறுவனத்திடம் பெற்றது. 2019இல் இலங்கை அதைப் பெற்றது. கர்ப்பிணிகளில் 95 விழுக்காட்டினராவது சோதிக்கப்பட வேண்டும், நோய் கண்டவர்களில் 95 விழுக்காட்டினராவது சிகிச்சை பெற வேண்டும், ஒரு லட்சம் பிறப்பில் 50க்கு மேல் பிறவி சிபிலிஸ் இருக்கக் கூடாது என்பவை அந்தச் சான்றுக்கான நிபந்தனைகளில் சில. அரிய கருவி எதுவும் இலங்கையிடம் இல்லை. ஒவ்வொரு கர்ப்பிணியையும் வீடு தேடிப் போய்ப் பதிவுசெய்யும் மருத்துவமாதுகள் இருந்தார்கள், விடிஆர்எல் சோதனை இருந்தது, பென்சிலின் இருந்தது.

இவை தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. கர்ப்பம் உறுதியானவுடன், முதல் மூன்று மாதத்துக்குள், சிபிலிஸ் சோதனை செய்துகொள்ள வேண்டும். கணவரும் உடன் வந்து செய்துகொள்வது நல்லது. பிறப்புறுப்பில் எப்போதோ ஒரு புண் வந்து ஆறியிருந்தால், அது ஆறிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தாலும், ஒரு முறை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவுகளில் சோதனையும் ஊசியும் இலவசம்; நோயாளியின் விவரங்களை வெளியே சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.